எத்தனை படிகள்? எவ்வளவு உயரம்?

கைபேசியில் ஒரு பாட்டைச் சேமித்து வைக்கிறோம். உண்மையில் உள்ளே இருப்பது பாட்டு அன்று, எண்கள். ஒரு நொடிப் பாட்டுக்குப் பல்லாயிரம் எண்கள் என்ற கணக்கில் அவை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. ஆனால் நாம் காதில் மாட்டிக்கொள்ளும் கருவிக்கு எண் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது மின்னழுத்தம் ஒன்றுதான். அழுத்தம் ஏறினால் அதிலுள்ள மெல்லிய சவ்வு முன்னே வரும். இறங்கினால் பின்னே போகும். அந்த அசைவு காற்றை அதிரச் செய்கிறது. அதுவே நமக்கு ஒலியாகக் கேட்கிறது.

எனவே எண்ணுக்கும் மின்னழுத்தத்துக்கும் இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். அந்த வேலையைச் செய்யும் மின்னணுச் சுற்றுக்கு 'டிஜிட்டல்–அனலாக் மாற்றி' என்று பெயர். இக்கட்டுரையில் சுருக்கமாக 'மாற்றி' என்றே அழைப்போம். கைபேசியில் மட்டுமல்ல, கணினி, தொலைக்காட்சி, மருத்துவமனைக் கருவிகள், தொழிற்சாலை இயந்திரங்கள் என்று, எண்களால் ஆளப்படும் ஒரு கருவி வெளியுலகத்தைத் தொட வேண்டிய இடங்களில் எல்லாம் இம்மாற்றி வேலை செய்கிறது.

ஒரு மாற்றியை வாங்கப் போனால் அதன் விவரக் குறிப்பில் இரண்டு செய்திகள் முதலில் கண்ணில் படும். ஒன்று, வெளியீட்டு நெடுக்கம்: எடுத்துக்காட்டாக, '0 முதல் 5 வோல்ட் வரை'. மற்றொன்று, பகுதிறன்: எடுத்துக்காட்டாக, '8 பிட்'. இவை இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று பலர் எண்ணுகிறார்கள். பிட் அதிகமானால் கருவி எப்போதும் மேலானது என்றும் நினைக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொண்டால், விலை உயர்ந்த மாற்றியை நாடாமலே, ஒரே ஒரு கம்பியை இடம் மாற்றி, கையில் உள்ள மாற்றியிலிருந்து மூன்று மடங்கு நுண்மையைப் பெறலாம். அது எப்படி என்று காண்போம்.

சரிவுப் பாதையும் படிக்கட்டும்

ஒரு குன்றின் உச்சிக்குச் செல்ல இரண்டு வழிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று சரிவான பாதை, மற்றொன்று படிக்கட்டு. சரிவுப் பாதையில் நீங்கள் விரும்பிய எந்த உயரத்திலும் நிற்கலாம். படிக்கட்டில் அப்படி முடியாது. பத்தாவது படியில் நிற்கலாம். பதினோராவது படியில் நிற்கலாம். இரண்டுக்கும் நடுவே நிற்க இடமில்லை.

இயற்கையில் உள்ள மின்னழுத்தம் சரிவுப் பாதையைப் போன்றது. மாற்றி தரும் மின்னழுத்தம் படிக்கட்டைப் போன்றது. குன்றின் மொத்த உயரமே வெளியீட்டு நெடுக்கம். ஒரு படியின் உயரமே, மாற்றி செய்யக்கூடிய மிகச் சிறிய மாற்றம். இதைக் கொண்டே அதன் பகுதிறனை அளக்கிறோம். படி உயரம் குறையக் குறைய, பகுதிறன் உயர்கிறது.

படிகள் எத்தனை என்பதை முடிவு செய்பவை பிட்கள். ஒரு பிட் 0 அல்லது 1 என்ற இரண்டு மதிப்புகளில் ஒன்றை மட்டுமே ஏற்கும். இரண்டு பிட்கள் இருந்தால் 00, 01, 10, 11 என்று நான்கு நிலைகள் கிடைக்கும். மூன்று பிட்களுக்கு எட்டு நிலைகள். ஒவ்வொரு பிட் கூடும்போதும் நிலைகள் இரு மடங்காகின்றன. 5 வோல்ட் நெடுக்கத்தை இவ்வாறு பங்கிட்டால் கிடைக்கும் படி உயரங்களைக் கீழே காண்க:

4 பிட் — 16 நிலைகள் — படி உயரம் 312.5 மில்லி வோல்ட்
8 பிட் — 256 நிலைகள் — 19.5 மில்லி வோல்ட்
10 பிட் — 1,024 நிலைகள் — 4.88 மில்லி வோல்ட்
12 பிட் — 4,096 நிலைகள் — 1.22 மில்லி வோல்ட்
16 பிட் — 65,536 நிலைகள் — 0.076 மில்லி வோல்ட்

கணக்கு மிக எளியது. நெடுக்கத்தை நிலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் படி உயரம் வந்துவிடும்.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியையும் திருகு அளவியையும் கையாண்டிருப்பீர்கள். அவற்றின் மீச்சிற்றளவு 0.1 மில்லிமீட்டர், 0.01 மில்லிமீட்டர் என்று குறித்திருப்பீர்கள். மீச்சிற்றளவு என்பது ஒரு கருவி அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு. படி உயரம் என்பது ஒரு மாற்றி உண்டாக்கக்கூடிய மிகச் சிறிய அளவு. ஒன்று அளப்பதற்கு, மற்றொன்று ஆக்குவதற்கு. வேறுபாடு அவ்வளவே.

இங்கே ஒரு சிறு புதிர். நெடுக்கம் 0 முதல் 5 வோல்ட் என்று எழுதியுள்ள 4 பிட் மாற்றிக்கு மிகப் பெரிய எண்ணைக் கொடுக்கிறோம். 5 வோல்ட் வரவேண்டும் அல்லவா? ஆனால் 4.6875 வோல்ட்தான் வரும். கருவி பழுதாகிவிடவில்லை. 16 நிலைகளில் சுழியும் ஒன்று. ஆகவே மிகப் பெரிய எண் 16 அன்று, 15. பதினாறு கம்பங்களை வரிசையாக நட்டால் அவற்றுக்கு இடையே பதினைந்து இடைவெளிகள்தாம் இருக்கும். எனவே உச்ச வெளியீடு, குறிப்பிட்ட மேல் எல்லையைவிட எப்போதும் ஒரு படி குறைவாகவே நிற்கும். பிட்கள் கூடக் கூட அந்த ஒரு படி சிறுத்துவிடுவதால் 12 பிட் மாற்றியில் இக்குறை கண்ணுக்கே படுவதில்லை.

படிகள் எவ்வாறு உண்டாகின்றன?

நான்கு பிட் எண் ஒன்றில் இடமிருந்து வலமாக இலக்கங்களின் மதிப்பு 8, 4, 2, 1 ஆகும். 1011 என்றால் 8 + 2 + 1 = 11. மாற்றி செய்ய வேண்டியது இதுதான்: முதல் பிட் 1 ஆக இருந்தால் 8 படி உயரம், அடுத்தது 1 ஆக இருந்தால் 4 படி உயரம் என்று சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அதாவது, ஒவ்வொரு பிட்டும் முந்தையதில் சரிபாதி அழுத்தத்தைத் தர வேண்டும்.

இதற்கு மிக அழகான ஒரு சுற்று உண்டு. இரண்டே வகை மின்தடைகளைக் கொண்டு அதை அமைக்கலாம். ஒன்று மற்றொன்றைப் போல் இரு மடங்கு. பார்வைக்கு ஏணி போல் இருப்பதால் இதை 'ஆர்–2ஆர் ஏணி' என்பார்கள். இதை நீங்களே செய்து பார்க்கலாம்.

தேவையான பொருள்கள்: 10 கிலோ ஓம் மின்தடைகள் 13, இருவழி ஸ்விட்சுகள் 4, 1.5 வோல்ட் மின்கலங்கள் 3, பிரெட்போர்டு ஒன்று, டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று.

அ, ஆ, இ, ஈ என்று நான்கு முனைகளை வரிசையாக அமையுங்கள். அடுத்தடுத்த முனைகளுக்கு இடையே ஒரு மின்தடை வீதம் மூன்று மின்தடைகளை இணையுங்கள். இனி ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒரு 'கால்' கீழே இறங்க வேண்டும். ஒரு கால் என்பது தொடராக இணைத்த இரண்டு மின்தடைகள். அதாவது 20 கிலோ ஓம். நான்கு கால்களின் கீழ் முனைகளையும் நான்கு ஸ்விட்சுகளின் நடுமுனைகளோடு இணையுங்கள். அ என்ற முனையிலிருந்து மட்டும் கூடுதலாக ஐந்தாவது கால் ஒன்று வேண்டும். இதற்கு ஸ்விட்ச் கிடையாது.

மூன்று மின்கலங்களையும் தொடராக இணையுங்கள். அவற்றின் நேர்முனையிலிருந்து ஒரு கம்பி: இது 'மேல் கம்பி'. எதிர்முனையிலிருந்து ஒரு கம்பி: இது 'கீழ்க் கம்பி'. ஒவ்வொரு ஸ்விட்சையும் ஒரு பக்கம் தள்ளினால் மேல் கம்பியைத் தொடும்படியும், மறுபக்கம் தள்ளினால் கீழ்க் கம்பியைத் தொடும்படியும் அமையுங்கள். ஐந்தாவது காலை நிரந்தரமாகக் கீழ்க் கம்பியோடு இணைத்துவிடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: பிட் 0 என்றால் காலைக் கீழ்க் கம்பியோடு இணைக்க வேண்டும், அந்தரத்தில் விட்டுவிடக் கூடாது. விட்டால் கணக்கு பொய்த்துவிடும்.

மல்டிமீட்டரின் கறுப்புக் கம்பியை மின்கல வரிசையின் எதிர்முனையிலும், சிவப்புக் கம்பியை ஈ என்ற முனையிலும் வையுங்கள். ஈ-யின் ஸ்விட்ச் 8, இ-யினது 4, ஆ-வினது 2, அ-வினது 1.

ஈ-யின் ஸ்விட்சை மட்டும் மேலே தள்ளுங்கள். 2.25 வோல்ட் காட்டும். ஏன்? ஈ-யிலிருந்து இடப்பக்கம் உள்ள ஏணி முழுவதையும் சுருக்கிக் கணக்கிட்டால் 20 கிலோ ஓம் என்று வரும். அ-வில் இரண்டு 20 கிலோ ஓம் கால்கள் பக்க இணைப்பில் உள்ளன; அவற்றின் தொகுபயன் 10. அதோடு ஏணியின் 10 சேர்ந்தால் 20. அடுத்த முனையில் மறுபடியும் 20-உம் 20-உம் பக்க இணைப்பு. எத்தனை முனைகள் சேர்த்தாலும் இதே கதைதான்! எனவே ஈ-யில் 4.5 வோல்ட் இரண்டு சமமான மின்தடைகளுக்கு இடையே பங்கிடப்பட்டு, பாதி கிடைக்கிறது. இ-யின் ஸ்விட்சை மட்டும் தள்ளினால் அதில் பாதி, ஆ-வுக்கு அதிலும் பாதி, அ-வுக்கு மேலும் பாதி. சுழியிலிருந்து 15 வரை எல்லா எண்களையும் அமைத்து, அழுத்தங்களைக் குறித்து வரைபடம் போடுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 0.28 வோல்ட் உயரமுள்ள படிக்கட்டு ஒன்று தாளில் தோன்றும்.

ஒரு கம்பியின் மாயம்

இப்போது முக்கியமான சோதனைக்கு வருவோம். கீழ்க் கம்பியை மட்டும் மின்கல வரிசையின் எதிர்முனையிலிருந்து கழற்றி, முதல் மின்கலத்துக்கும் இரண்டாம் மின்கலத்துக்கும் இடையே உள்ள சந்திப்பில் இணையுங்கள். அங்கே அழுத்தம் 1.5 வோல்ட். வேறு எதையும் தொட வேண்டாம். மல்டிமீட்டரின் கறுப்புக் கம்பியும் பழைய இடத்திலேயே இருக்கட்டும்.

மீண்டும் சுழியிலிருந்து 15 வரை அமைத்துப் பாருங்கள். படிக்கட்டு இப்போது 1.5 வோல்ட்டில் தொடங்குகிறது. நெடுக்கம் 3 வோல்ட்டாகச் சுருங்கிவிட்டது. அதே 16 நிலைகள் 3 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்வதால், படி உயரம் 0.19 வோல்ட்டாகக் குறைகிறது. கீழ்க் கம்பியை இன்னும் ஒரு மின்கலம் மேலே ஏற்றினால் நெடுக்கம் 3 முதல் 4.5 வோல்ட் வரை. படி உயரம் 0.094 வோல்ட். முதலில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு!

மின்தடை ஒன்றுகூடப் புதிதாகச் சேர்க்கவில்லை. பிட் ஒன்றும் கூட்டவில்லை. ஆயினும் நுண்மை மூன்று மடங்காகிவிட்டது. இதற்கு நாம் கொடுத்த விலை என்ன? 3 வோல்ட்டுக்குக் கீழே உள்ள அழுத்தங்களை இனி உண்டாக்க முடியாது. அவை நமக்குத் தேவையில்லை என்றால் இது நட்டமே இல்லாத வாணிபம்.

ஆகவே நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இதுதான்: படிகளின் எண்ணிக்கையைத் தருபவை பிட்கள். அந்தப் படிகளை எவ்வளவு உயரத்தின் மீது பரப்புவது என்பது நம் விருப்பம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். சிவப்பு, ஆரஞ்சு ஒளி தரும் இரண்டு எல்.இ.டி.க்கள் எந்த மின்னழுத்தத்தில் ஒளிரத் தொடங்குகின்றன என்று கண்டு, அதிலிருந்து பிளாங்க் மாறிலியை மதிப்பிடும் சோதனை கல்லூரிகளில் வழக்கமானது. சிவப்பின் அலைநீளம் 630 நானோமீட்டர், ஆரஞ்சின் அலைநீளம் 610 நானோமீட்டர் என்றால், அவற்றின் ஒளித்துகள் ஆற்றல்களிலிருந்து எதிர்பார்க்கக்கூடிய அழுத்த வேறுபாடு சுமார் 0.06 வோல்ட். 0 முதல் 10 வோல்ட் வரை நெடுக்கமுள்ள 8 பிட் மாற்றியைப் பயன்படுத்தினால் படி உயரம் 0.039 வோல்ட். இரண்டு நிறங்களுக்கும் இடையே இரண்டு படிகூட முழுதாக இல்லை. அதே மாற்றியின் நெடுக்கத்தை 1.5 முதல் 2.5 வோல்ட் வரை என்று அமைத்துக்கொண்டால் படி உயரம் 0.0039 வோல்ட். இப்போது நிறங்களுக்கிடையே சுமார் 16 படிகள். முன்பு ஒன்றாகத் தெரிந்த இரண்டும் இப்போது தெளிவாகப் பிரிந்து நிற்கும்.

நம் ஏணியை நேரடியாக எல்.இ.டி.யோடு இணைத்துவிடாதீர்கள். ஏணியின் உள் மின்தடை 10 கிலோ ஓம். மின்னோட்டம் இழுத்தால் படிகள் எல்லாம் சரிந்துவிடும். இடையில் ஒரு பெருக்கிச் சுற்று வேண்டும்.

14 பிட்டா, 16 பிட்டா?

உலகின் இரு பெரும் நிறுவனங்கள் இதே கேள்வியில் முட்டிக்கொண்ட வரலாறு ஒன்று உண்டு. காம்பாக்ட் டிஸ்க் எனப்படும் குறுந்தட்டின் முன்மாதிரியை நெதர்லாந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனம் 1979 மார்ச்சு மாதத்தில் ஐந்தோவன் நகரில் செய்தியாளர்களுக்கு இயக்கிக் காட்டியது. பின்னர் ஜப்பானின் சோனி நிறுவனத்தோடு சேர்ந்து உலகுக்கெல்லாம் பொதுவான தரத்தை வகுக்க முனைந்தது. ஒவ்வோர் எண்ணுக்கும் 14 பிட் போதும் என்றது பிலிப்ஸ். அதன் கையில் 14 பிட் மாற்றிச் சில்லு ஆயத்தமாக இருந்தது. 16 பிட் வேண்டும் என்றது சோனி.

இரண்டு பிட் வேறுபாட்டுக்கு இவ்வளவு வாதமா என்று தோன்றலாம். கணக்கிட்டுப் பாருங்கள். குறுந்தட்டு இயக்கிகளின் வழக்கமான வெளியீட்டில் அழுத்தத்தின் உச்சிக்கும் அடிக்கும் இடையே உள்ள நெடுக்கம் சுமார் 5.66 வோல்ட். 14 பிட் என்றால் படி உயரம் 345 மைக்ரோ வோல்ட். 16 பிட் என்றால் 86 மைக்ரோ வோல்ட். உரத்த ஒலியில் இவ்வேறுபாடு காதுக்குத் தெரியாது. ஆனால் தம்புராவின் மீட்டொலி மெல்ல மெல்ல ஓய்ந்து மறையும் கடைசி நொடியை எண்ணிப் பாருங்கள். அப்போது அலையின் உயரமே சில படிகள்தாம். வழவழப்பான அலை அங்கே கரடுமுரடான படிகளாகிவிடும். மெல்லொலிதான் பகுதிறனுக்கு உண்மையான தேர்வு.

முடிவில் 16 பிட் என்று தரம் வகுக்கப்பட்டது; நொடிக்கு 44,100 எண்கள் என்றும் உறுதியாயிற்று. 1982 அக்டோபர் 1 அன்று சோனியின் சி.டி.பி.-101 இயக்கி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஆனால் பிலிப்ஸின் கையில் இருந்தது 14 பிட் மாற்றிதானே! அவர்கள் என்ன செய்தார்கள்?

சராசரி என்ற எளிய கருத்தைப் பயன்படுத்தினார்கள். மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவே, 3.25 என்ற உயரம் வேண்டும் என்று கொள்வோம். அப்படி ஒரு படி இல்லை. ஆனால் ஓர் எண்ணுக்குரிய நேரத்தை நான்கு பங்காக்கி, மூன்று பங்கு நேரம் மூன்றாம் படியிலும், ஒரு பங்கு நேரம் நான்காம் படியிலும் நின்றால்? 3, 3, 3, 4; சராசரி 3.25! வகுத்தபின் மிஞ்சும் மீதத்தைத் தள்ளிவிடாமல் அடுத்த கணத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டே போனால் இவ்வரிசை தானாக அமைகிறது. நொடிக்கு 44,100 என்பதற்குப் பதில், நான்கு மடங்காக 1,76,400 முறை மாற்றி வேலை செய்தது. இதனால் உண்டாகும் விரைவான துடிப்பு, மனிதச் செவியின் எல்லையாகிய 20,000 ஹெர்ட்சுக்கு மிகவும் மேலே இருப்பதால் அதை ஒரு வடிகட்டியால் நீக்கிவிடலாம். நான்கு பங்கு என்பது இரண்டு பிட். 14-உடன் 2 சேர்ந்தால் 16. இவ்வாறாக டி.டி.ஏ.1540 என்ற 14 பிட் சில்லு 16 பிட்டுக்கு நெருங்கிய வேலையைச் செய்து காட்டியது.

இக்கால மாணவர்கள் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ பலகையும் இதே சராசரித் தத்துவத்தில்தான் இயங்குகிறது. அதன் வெளியீட்டில் 0, 5 வோல்ட் என்று இரண்டே படிகள். எவ்வளவு நேரம் மேலே, எவ்வளவு நேரம் கீழே என்பதை 0 முதல் 255 வரையுள்ள எண்ணால் கட்டுப்படுத்தி, இடைப்பட்ட அழுத்தங்களைச் சராசரியாகப் பெறுகிறோம்.

எண்ணைச் சுருக்காதீர், நெடுக்கத்தைச் சுருக்குங்கள்

ஒலியைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. மாற்றிக்குச் செல்லும் எண்களையே 16-ஆல் வகுத்து அனுப்பலாம். அல்லது எண்களை அப்படியே அனுப்பிவிட்டு, வெளியே வரும் அழுத்தத்தை 16-ஆல் வகுக்கலாம். ஒலி இரண்டிலும் ஒரே அளவு குறையும். ஆனால் முதல் வழியில் 65,536 படிகளில் 4,096 படிகளை மட்டுமே பயன்படுத்துகிறோம். 16 பிட் மாற்றி 12 பிட் மாற்றியாகிவிடுகிறது. இரண்டாம் வழியில் எல்லாப் படிகளும் உயிரோடு இருக்கின்றன, ஒவ்வொன்றும் சிறியதாகிறது. ஆய்வுக்கூடத்தில் சில மில்லி வோல்ட் மட்டுமே தேவைப்படும்போதும் இதே விதிதான். மாற்றியை முழு நெடுக்கத்தில் ஓடவிட்டு, இரண்டு மின்தடைகளைக் கொண்டு அழுத்தத்தைப் பின்னால் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

படிகள் எல்லாம் ஒரே உயரமாகத்தான் இருக்க வேண்டுமா? அதுவும் கட்டாயமில்லை. பேச்சை எண்களாக்கி அனுப்பும் முறையை அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1937-இல் பாரீசில் பணியாற்றியபோது வகுத்தார். பிற்காலத்தில் டிஜிட்டல் தொலைபேசியில் நொடிக்கு 8,000 எண்கள், ஒவ்வொன்றும் 8 பிட் என்று முடிவாயிற்று. 256 சமமான படிகள் மெல்லிய குரலுக்குப் போதா. எனவே சுழிக்கு அருகே படிகளைச் சிறியனவாகவும், மேலே போகப் போகப் பெரியனவாகவும் அமைத்தார்கள். இந்தியாவும் ஐரோப்பாவும் பின்பற்றும் ஏ-விதி என்ற முறையில், மெல்லிய குரலுக்குக் கிடைக்கும் படி, 12 பிட் மாற்றியின் படியளவே சிறியது. கிடைத்த படிகளைத் தேவையான இடத்தில் நெருக்கமாக வைப்பதே இங்கும் சூட்சுமம்.

நுண்மை வேறு, துல்லியம் வேறு

நம் ஏணியை எட்டுப் பிட்டாக நீட்டினால் இன்னும் நல்லதல்லவா என்று கேட்பீர்கள். நீட்டலாம். ஆனால் கடையில் மலிவாகக் கிடைக்கும் மின்தடைகள் குறித்த மதிப்பிலிருந்து 5 விழுக்காடு வரை மாறுபடக்கூடியவை. மிகப் பெரிய பிட்டின் கால் மட்டும் 5 விழுக்காடு கூடுதலாக இருக்கிறது, மற்றவை எல்லாம் சரியாக உள்ளன என்று கொள்வோம். 4.5 வோல்ட் நெடுக்கமுள்ள 8 பிட் ஏணியில் படி உயரம் 0.018 வோல்ட். 127 என்ற எண்ணுக்கு 2.287 வோல்ட் வரும். அடுத்த எண்ணாகிய 128-க்கு 2.195 வோல்ட்! ஒரு படி ஏற வேண்டிய இடத்தில் ஐந்து படி இறங்கிவிடுகிறது. காரணம், 127-இலிருந்து 128-க்குப் போகும்போது ஏழு சிறிய பிட்கள் அனைத்தும் அணைந்து, பெரிய பிட் ஒன்று மட்டும் பொறுப்பேற்கிறது. அதன் சிறு பிழை, கடைசிப் பிட்டின் முழு அளவைவிடப் பெரிது. நான்கு பிட் ஏணியில் இதே பிழை இருந்தால் 7-இலிருந்து 8-க்கு ஏறும் படி குட்டையாகத் தெரியும், ஆனால் இறங்காது.

பெட்டியின் மேல் '8 பிட்' என்று எழுதியிருப்பதால் எட்டாவது பிட் உண்மை பேசும் என்று பொருளில்லை. மில்லிமீட்டர் கோடுகளைத் தப்பும் தவறுமாகப் போட்ட அளவுகோலில் கோடுகள் நெருக்கமாக இருந்து என்ன பயன்? பிலிப்ஸ் நிறுவனத்தில் ரூடி வான் டி பிளாஸ்ஸ என்ற ஆய்வாளர் இச்சிக்கலுக்கு 1976-இல் ஒரு வழியை வெளியிட்டார். சமமாக இருக்க வேண்டிய உறுப்புகள் சிறிது மாறுபட்டாலும், அவற்றை விரைந்து விரைந்து இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் பிழைகள் சராசரியில் கரைந்துவிடும் என்பதே அவர் கருத்து. பிலிப்ஸின் 14 பிட் சில்லு இக்கருத்தின் மீதே எழுந்தது.

இன்று 24 பிட் மாற்றிகள் கிடைக்கின்றன. 5 வோல்ட்டை 24 பிட்டால் பங்கிட்டால் படி உயரம் 0.3 மைக்ரோ வோல்ட். ஆனால் நம் ஏணியில் உள்ள 10 கிலோ ஓம் மின்தடை சும்மா இருக்கும்போதே, அதிலுள்ள எலெக்ட்ரான்களின் வெப்ப அசைவால், செவிக்கு எட்டும் அதிர்வெண்களில் மட்டும் சுமார் 1.8 மைக்ரோ வோல்ட் இரைச்சல் உண்டாகிறது. இந்த வெப்ப இரைச்சலை ஜான்சன் என்பவர் அளந்து 1928-இல் வெளியிட்டார். படியைவிட இரைச்சல் ஆறு மடங்கு பெரிது! அலை மோதும் கரையில் நின்றுகொண்டு கடல் மட்டத்தை மில்லிமீட்டரில் அளக்க முயல்வதைப் போன்றது இது. ஆகவே பிட்களைக் கூட்டிக்கொண்டே போவதற்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்துள்ளது.

இனி ஒரு மாற்றியைத் தேர்ந்தெடுக்கும்போது 'எத்தனை பிட்?' என்று முதலில் கேட்காதீர்கள். 'எனக்குத் தேவையான அழுத்தம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? அதற்குள் எவ்வளவு சிறிய மாற்றம் எனக்கு வேண்டும்?' என்று கேளுங்கள். இரண்டுக்கும் விடை தெரிந்தால், பிட்களின் எண்ணிக்கை ஒரு வகுத்தல் கணக்கில் தானே வந்து நிற்கும்.

கணக்கிட்டுப் பாருங்கள்

1. 0 முதல் 3.3 வோல்ட் வரை நெடுக்கமுள்ள 10 பிட் மாற்றியின் படி உயரம் என்ன?
2. 0 முதல் 5 வோல்ட் வரை நெடுக்கமுள்ள 8 பிட் மாற்றியிலிருந்து 3 வோல்ட்டுக்கு மிக நெருங்கிய அழுத்தத்தைப் பெற எந்த எண்ணைக் கொடுக்க வேண்டும்?
3. 2.0 முதல் 2.4 வோல்ட் வரை, 1 மில்லி வோல்ட்டுக்கு மிகாத படிகளில் அழுத்தம் வேண்டும். நெடுக்கத்தை அதற்கென்றே அமைத்தால் குறைந்தது எத்தனை பிட் தேவை? 0 முதல் 5 வோல்ட் வரை என்று விட்டுவிட்டால் எத்தனை பிட் தேவை?

விடைகள்: 1. 3.22 மில்லி வோல்ட். 2. 154, கிடைப்பது 3.008 வோல்ட். 3. நெடுக்கத்தைப் பொருத்தினால் 9 பிட். பொருத்தாவிட்டால் 13 பிட்.